அஞ்சாவது பதிவு

அண்ணனுக்குக் கண் மங்கிய வருடம் நான் மரக்காணம் கடைத்தெருவில் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்தேன். கடல் ஊருக்குள் வந்துவிட்டுப் போனதற்கு அடுத்த வருடம் அது. நிவாரணம் கொடுக்க வந்த வெளியூர்க்காரர்களுக்குச் சேதக் கணக்கையெல்லாம் இங்கிலீஷில் டைப் செய்து தர வேண்டும். வலைக்கும் துடுப்புக்கும் நான் இங்கிலீஷுக்கு எங்கே போவேன்? நான் திண்டாடியதைப் பார்த்து, இடையஞ்சாவடியிலிருந்து வந்த மொழிபெயர்ப்பாளர் அக்கா ஒருவர் கலைச்சொற்களுக்கென்றே இருந்த ஓர் இணையதளத்தைக் காட்டினார்.

ஒரு சொல்லைத் தேடினால் பதிவுகள் வரிசையாக வரும். அப்படியே பொருந்துவது மேலே, அரைகுறையாகப் பொருந்துவது கீழே. ஒவ்வொன்றின் தலையிலும் எந்தத் துறை என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கும். எவ்வளவு நம்பலாம் என்பதற்குப் பக்கத்தில் நட்சத்திரங்கள். "துறையைப் பாக்காம எதையும் எடுக்காதம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார் அக்கா.

அண்ணன் மீசை முளைக்கும் முன்பே உப்பளத்துக்குப் போனவன். பாத்தியின் வெளுப்பும் வெயிலும்தான் கண்ணைத் தின்றன என்று வீட்டில் பேசிக்கொண்டோம். பாண்டிச்சேரி டாக்டர் காரணம் எதுவும் சொல்லவில்லை. சீட்டில் இரண்டு இங்கிலீஷ் வார்த்தை எழுதி, "மாத்திரை போடுங்க, பாக்கலாம்" என்றாராம். கண் தெரியாதவனிடம் சொல்கிற பேச்சா அது?

மறுநாள் மத்தியானம் அண்ணன் சீட்டோடு கடைக்கு வந்தான். அந்த இரண்டு வார்த்தையைப் போட்டுத் தேடினேன். முதல் பதிவு கண் மருத்துவம், நட்சத்திரங்கள் முழுசாக இருந்தன. கண் நரம்பு பட்டுப்போவது, போன பார்வை திரும்பாது என்று இருந்தது. எனக்கு மென்று விழுங்கத் தெரியாது. அப்படியே சொல்லிவிட்டேன்.

அண்ணன் கொஞ்சமும் அசரவில்லை. "மொதல்ல வர்றது அப்படித்தான் இருக்கும் பாப்பா. கீழ போ."

அவன் என்ன சொல்கிறான் என்று புரிய எனக்குச் சற்று நேரமானது. பாத்தியில் முதலில் வாருகிற உப்பு சேறும் சகதியுமாகத்தான் வரும். அதை வரப்போரம் தள்ளிவிட்டு, அடுத்தடுத்து வாரும்போதுதான் வெளுக்கும். அந்தக் கணக்கில்தான் அவன் கம்ப்யூட்டரையும் பார்த்தான்.

கீழே போனேன். இரண்டாவது, மூன்றாவது, நான்காவது எல்லாம் வேறு நரம்பு, வேறு தசை. ஐந்தாவதில் கண் நரம்பு வீக்கம் என்று இருந்தது. ஆரம்பத்திலேயே தீனியை மாற்றிப் பச்சைத் தழையாகக் கொடுத்தால் பார்வை திரும்பலாம். துறையைப் பார்த்தேன். கால்நடை மருத்துவம்.

"அண்ணா, இது கன்னுக்குட்டிக்கு வர்றது. நோயே வேற. ஒரே ஒரு ஸ்டார்தான் இருக்குது."

"வாயில்லாத ஜீவனுக்கே சரியாவுதுன்னா மனுசனுக்கு ஆவாதா? கீழ போனா நல்லது இருக்கும்னு சொன்னேன்ல?"

எழுந்து, சுவரைத் தடவிக்கொண்டே படியிறங்கிப் போனான்.

அன்றிலிருந்து வீட்டில் தினமும் முருங்கைக்கீரைதான். அண்ணி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நெட்டுலயே போட்டிருக்குதாமே?" என்று கேட்டாள். அவள் முகத்தில் இருந்த ஆசையைப் பார்த்ததும் எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் வந்தது. டாக்டர் மேல், அந்த இணையதளத்தின் மேல், கன்றுக்குட்டிக்கு அந்த ஒரு நட்சத்திரத்தைக் கொடுத்தவன் மேல். எல்லாவற்றையும் அவளிடமும் சொன்னேன். அவள் கீரை ஆய்வதை நிறுத்தவில்லை. கடையில் ஆள் இல்லாதபோதெல்லாம் அந்த வார்த்தைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். எப்படிப் போட்டாலும் மேலே வந்து நின்றது அந்த முதல் பதிவுதான்.

ஐப்பசி பிறந்தது. மழைக்கு முன்னால் உப்பு அம்பாரங்களையெல்லாம் பனையோலை போட்டு மூடினார்கள். அண்ணியும் கூலிக்கு ஓலை தூக்கினாள். மறுநாள் காலையில் டாக்டரிடம் போக அண்ணனும் நானும் பாண்டிச்சேரி பஸ்ஸுக்கு நின்றோம். ரோட்டுக்கு அந்தப் பக்கம் அளத்தில் பழுப்பு ஓலையைத் தவிர வேறொன்றும் இல்லை. வானம் கறுத்துக் கிடந்தது.

அண்ணன் அந்தப் பக்கம் திரும்பிக் கொஞ்ச நேரம் நின்றான். அவன் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

"கீரை வேலை செய்யுது பாப்பா. அம்பாரம் இன்னிக்கு வெள்ள வெளேர்னு தெரியுது."

"ஆமாண்ணா" என்றேன். பஸ் வந்தது. கையைப் பிடித்து ஏற்றினேன்.