பனியைக் கத்தியால் குத்திய மச்சான்

என் மனைவியின் அண்ணனுக்கு நான் பத்தாயிரம் கடன்பட்டிருந்தேன். ஃபிரிட்ஜ் பழுதுபார்க்க மீட்டரும் கருவிகளும் வாங்கிய கடன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். ஆனால் ஃபிரிட்ஜின் முதுகில் காதை வைத்தால் போதும், நோயைச் சொல்லிவிடுவேன். அன்று அதை நம்ப மனைவியைத் தவிர ஆளில்லை.

மச்சான் லாரிப் பட்டறை வைத்திருந்தார். வாயை முந்திக்கொண்டு கை பேசும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கதவை உதைத்துத் திறந்தார். வந்த வேகத்தில் ஓர் அறை. சுவரில் மோதி விழுந்தேன். உதடு கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம்.

“பணம் எங்கடா மாப்ள? ரெண்டு வருஷமா கதை அளக்குறியே!”

கருவிப் பெட்டியைத் தூக்கினார். அது போனால் என் பிழைப்பே போயிற்று. கைப்பிடியைப் பற்றித் தொங்கினேன். விலாவில் மிதித்தார், விடவில்லை. மனைவி குறுக்கே பாய்ந்தாள்.

“அண்ணே! உன் வீட்டு ஃபிரிட்ஜ் மூணு மாசமா படுத்துக் கெடக்கு. இவரை ஒரு தடவை பாக்க விட்டியா?”

“மூணு மெக்கானிக் பாத்துட்டான். இவன் வந்து கிழிச்சிடுவானா?”

“சரி பண்ணலன்னா பெட்டி உனக்கு. பண்ணிட்டா நாலு மாசம் டைம் குடு.”

மச்சான் ஒப்புக்கொண்டார். அவர் வீட்டில் ஃப்ரீசரின் உள்மூடியைக் கழற்றினேன். பின்னால் குளிர்க்குழாயே தெரியாமல் பனி சுவராக நின்றது. முன்பு வந்த மெக்கானிக்குகளில் ஒருவன் கேஸ் அடித்தானாம், ஒருவன் பனியை உருக்கும் ஹீட்டரை மாற்றினானாம், இன்னொருவன் ஃபிரிட்ஜையே மாற்றச் சொன்னானாம்.

“சுடுதண்ணி வெச்சு உருக்கணும் மச்சான். பொறுங்க.”

அவருக்கு ஏது பொறுமை? சமையலறைக் கத்தியை எடுத்துப் பனியில் ஓங்கிக் குத்தினார். பின்னால் இருப்பது அலுமினியக் குழாய். ஓட்டை விழுந்தால் ஃபிரிட்ஜ் பிணம். கையைப் பிடித்தேன். உதறினார், கத்தி என் முழங்கையைக் கிழித்தது. அடுத்த நொடி தோளால் இடித்துத் தரையில் சாய்த்து, அவர் நெஞ்சின்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டேன். என் உடம்பு அவரில் பாதிகூட இல்லை!

“குழாய் போனா புது ஃபிரிட்ஜ்தான் வாங்கணும்! பேசாம கெட!”

மச்சானின் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். “இவரை ஒருத்தர் கீழ போட்டு இன்னைக்குத்தான் பாக்குறேன்.”

சுடுதண்ணீர் வைத்ததும் பனி உருகியது. ஹீட்டரில் குறையில்லை. குழாயைக் கவ்வியிருந்த, குளிரை அளக்கும் சின்ன சென்சாரைக் கழற்றி மீட்டரில் கோத்து, ஐஸ் தண்ணீரில் போட்டேன். பிறகு உள்ளங்கையில் பொத்தினேன். மீட்டரில் எண் மாற வேண்டும், அசையவே இல்லை. பனி கட்டிய பிறகும் ‘கட்டவில்லை’ என்று அது பொய் சொல்ல, ஹீட்டர் சூடாகாமலே கிடந்திருக்கிறது. படித்த மூன்று பேருக்குத் தெரியாதது எனக்குத் தெரிந்தது. அதே அளவில் புது சென்சார் வாங்கி வயரில் பற்றவைத்தேன். ஒரு வாரம் கழித்துத் திறந்து பார்த்தோம், பனிச்சுவர் இல்லை.

அதற்கப்புறம் மச்சானே ஊரெல்லாம் சொன்னார்: “என்னையே அடிச்சவன். ஆனா வேலைக்காரன்.” லாரிக்காரர்கள் தங்கள் வீட்டு ஃபிரிட்ஜைப் பார்க்க வீடு வீடாக அழைத்தார்கள்.

நாலாம் மாதம் பணத்தோடு பட்டறைக்குப் போனேன். ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

“உள்ள வந்து குடு மாப்ள.”

“இங்கயே கையை நீட்டுங்க மச்சான்.”

கிரீஸ் படிந்த உள்ளங்கையை விரித்தார். நூறு நூறாக, எல்லார் காதிலும் விழும்படி, பத்தாயிரத்தையும் எண்ணி வைத்தேன்.