கப்பலில் தெற்கே தலைமாடு

அடுத்த வாரம் நாகப்பட்டினத்தில் பினாங்குக் கப்பல் ஏறுகிறேன். பஸ்ஸில் வல்லத்திராக்கோட்டை தாண்டுவதற்குள் வாந்தி எடுக்கிற நான்!

கப்பலில் அறை பிடிக்க இன்று அறந்தாங்கிக்குப் போனோம். வீட்டுக்காரரும் நானும் சும்மா நின்றோம். பேசியதெல்லாம் என் மாமனார்தான்.

டிக்கெட் ஏஜெண்ட் கப்பலின் படத்தை மேசையில் விரித்தார். இரண்டே அறைகள்தான் பாக்கி.

"நடு ரூமை எடுங்க, ஆட்டம் கம்மி. முன்னாடி ரூம் தூக்கித் தூக்கிப் போடும்" என்றார் ஏஜெண்ட்.

பினாங்கு கிழக்கே இருக்கிறதென்று மாமனார் படத்தையும் கிழக்குப் பார்க்கத் திருப்பி வைத்தார். "நடு ரூம்புல தலைமாடு வடக்கேல்ல வருது! முன்னாடி ரூம்புல தெக்கே. அதையே போடுங்க."

தூக்கிப் போடுகிற அறையா எனக்கு!

"மாமா, கப்பல் திரும்புனா தலைமாடும் திரும்பிருமே?" என்று கேட்டேவிட்டேன்.

மாமனார் படத்தை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். பிறகு இன்னொரு சுற்று.

"அப்ப நடு ரூமே இருக்கட்டும். ஆத்தா, கப்பல் திரும்புறப்பல்லாம் நீயும் மாத்திப் படுத்துக்க."

நடு அறை எனக்கு! பஸ்ஸில் வீடு திரும்பும்போது சிரித்த சிரிப்பில் வாந்தி எடுக்கவே மறந்துவிட்டேன்.

பினாங்கு போய்வந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்: கப்பல் திரும்பும்போது மணி அடித்து எழுப்புவார்களா?