சிவப்பைத் தொடாத முள்

ஒலிப்பதிவுக் கூடத்தில் அவருக்கு மீட்டர் அண்ணன் என்று பேர். இருபது வருஷமாக அவரோடு வேலை பார்க்கிறேன். பேசுகிறவர் முகத்தை மனுஷன் பார்த்ததே இல்லை. கண் முழுக்க மீட்டர் முள்ளில்தான். முள் சிவப்புக் கோட்டைத் தாண்டினால் குரல் உடைந்துவிடும், அதை எந்தக் கொம்பனாலும் சரிசெய்ய முடியாது என்று எல்லோரிடமும் புலம்புவார்.

அவருடைய தங்கைக்குத் தொண்டையில் கட்டி. மறுநாள் ஆபரேஷன். அதற்குப் பிறகு குரல் இருக்காது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். மூன்று வயது மகளுக்காகப் பேசிவைக்க அண்ணனிடம் வந்தாள். அரைமணி நேரம் தொண்டை தாங்கினாலே பெரிசு.

அண்ணனை நான் அப்படிப் பார்த்ததில்லை. விரலெல்லாம் வேர்த்து நடுங்கியது. எங்கள் மெஷினில் சிவப்புப் பொத்தானை ஒருதரம் அமுக்கினால் முள் மட்டும் ஆடும், குரல் அளவு பார்த்துக்கொள்ளலாம். இன்னொருதரம் அமுக்கினால்தான் பதியும்.

"பத்து வரைக்கும் எண்ணும்மா. அளவு பாத்துக்கறேன்."

எண்ணி முடித்துச் சிரித்தாள். "ஆபரேஷன் எனக்கா, உனக்காண்ணா? மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு."

பொத்தானை அமுக்கினார். நான் வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டேன். கண்ணாடி வழியாக அவள் உதடு அசைவது தெரிந்தது. ஓரிடத்தில் அழுதாள், அண்ணன் குமிழை லேசாகத் திருப்பினார். அரைமணியில் அவள் குரல் கம்மி, வெறும் காற்றாகிவிட்டது.

போட்டுப் பார்த்தார். பத்து எண்களும் அந்தக் கிண்டலும்தான் இருந்தன.

நடுங்கிய விரல் அளவு பார்க்கும்போதே இரண்டு தரம் அமுக்கியிருக்கிறது. அப்புறம் அமுக்கியது பதிவை மட்டும் நிறுத்திவிட்டது. அரைமணி நேரமும் முள் சும்மா ஆடியிருக்கிறது.

தங்கையிடம் சொன்னார். அவள் தாளில் எழுதிக் காட்டினாள்: "விடுண்ணா. ஹெட்போன் மாட்டிக்கிட்டு எல்லாத்தையும் கேட்டேல்ல? அவகிட்ட நீயே சொல்லு."

அவர் தலையாட்டிவிட்டார். முள்ளைத் தவிர எதுவும் மனசில் ஏறவில்லை என்று சொல்லப் பயம்.

இப்போது ஞாயிறு தவறாமல் பிள்ளை அவர் மடியில் ஏறி உட்கார்ந்து, "மாமா, அம்மா என்ன பேசுனாங்க?" என்கிறாள். அவர் வாய்க்கு வந்ததைச் சொல்கிறார். தங்கை பக்கத்திலேயே கேட்டுக்கொண்டிருக்கிறாள். தாளும் பேனாவும் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. இதுவரை ஒரு வார்த்தையைக்கூடத் திருத்தவில்லை.

அதுதான் அவருக்குப் பயமாக இருக்கிறதாம்.