பத்தாம் நம்பரைக் கேட்கப் போனது

எங்கள் மாட்டுங்கா கூடைப்பந்து மைதானத்தில் சட்டை நம்பரை யாரும் தானாக எடுத்துக்கொள்ள முடியாது. கேட்டுத்தான் வாங்க வேண்டும். அந்த நம்பரைக் கடைசியாகப் போட்டு ஆடியவர் எங்கே இருந்தாலும், புதிய சட்டையை மடித்து எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போக வேண்டும். அவர் வாங்கிப் பார்த்துவிட்டுத் தன் கையால் திருப்பிக் கொடுத்தால் நம்பர் கேட்டவருக்கு. கொடுக்காவிட்டால் வேறு நம்பர் பார்க்க வேண்டியதுதான். இது எந்த விதிப் புத்தகத்திலும் இல்லை. நாற்பத்தோரு வருடமாக அங்கே ஸ்கோர் எழுதுகிறேன். இதை மீறிச் சட்டை போட்டவர்கள் இரண்டே பேர். இருவருமே ஒரு சீசனுக்கு மேல் ஆடவில்லை. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு என்று நான் சொல்லவில்லை. எண்ணிக்கையை மட்டும் சொல்கிறேன்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மரியாதை தெரியாது என்று என் வயதுக்காரர்கள் சொல்வதை நான் ஏற்பதில்லை. போன ஆறு வருடத்தில் பதினொரு பிள்ளைகள் நம்பர் கேட்டுப் போயிருக்கிறார்கள். டோம்பிவிலிக்கு மூன்று பேர், பன்வேலுக்கு இரண்டு பேர். ஒரு பையன் கோயம்புத்தூரில் இருந்தவரிடம் வீடியோ காலில் கேட்டான். சட்டையை எப்படிக் கையால் கொடுப்பது என்று நான் ஆட்சேபித்தேன். கமிட்டியில் ஐந்துக்கு ஒன்று என்று தோற்றேன்.

பெண்கள் அணியில் பத்தாம் நம்பரை மட்டும் முப்பத்துமூன்று வருடமாக யாரும் போடவில்லை. அதற்குக் காரணம் நான்.

அன்று பெண்கள் இறுதி ஆட்டம். இரண்டு நிமிடம் பத்து விநாடி பாக்கி. நாங்கள் மூன்று புள்ளி முன்னால். எங்கள் பத்தாம் நம்பர்காரிக்கு அப்போது பத்தொன்பது வயது. அவளைப் போல ஆடிய பெண்ணை அதற்கு முன்போ பின்போ நான் அந்த மைதானத்தில் பார்த்ததில்லை. அவள் கணக்கில் ஏற்கெனவே நான்கு ஃபவுல். ஐந்தாவது விழுந்தால் வெளியே போக வேண்டும். விசில் அடித்தது. ஃபவுல் யார் பேரில் என்பதை ரெஃப்ரி மேசையைப் பார்த்து விரல்களால் காட்டுவார். காட்டினார். எண்ணினேன். பத்து விரல். ஷீட்டில் எழுதிவிட்டுச் சிவப்பில் ஐந்து போட்ட பலகையைத் தூக்கிப் பிடித்தேன்.

அவள் மேசைக்கு ஓடி வந்தாள். "ஸார், நான் அந்தப் பக்கமே இல்ல ஸார். அவர்ட்ட ஒரு வார்த்தை கேளுங்க."

"எண்ணித்தான் எழுதியிருக்கேன். போய் உட்காரும்மா" என்றேன்.

ஒரு புள்ளியில் தோற்றோம். மறுநாள் அவள் சட்டையைத் துவைத்து மடித்துக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். அதற்குப் பிறகு மைதானத்துக்கு வரவேயில்லை.

இந்த வருடம் லீக் தொடங்குவதற்குப் பன்னிரண்டு நாள் முன்பு, தாராவிப் பக்கத்து லேபர் கேம்ப் பெண் ஒருத்தி பயிற்சி முடித்து என் மேசைக்கு வந்தாள். அவளுக்கும் பத்தொன்பது வயதுதான். மாநில அணிக்குத் தேர்வானவள். எங்கள் பெரிய அணியில் அவளுக்கு இது முதல் சீசன்.

"தாத்தா, எனக்குப் பத்து வேணும்."

"முன்னே நாலுலேர்ந்து பதினஞ்சுவரைக்கும்தான் நம்பர். இப்போ பூஜ்யம், ரெட்டைப் பூஜ்யம் எல்லாம் சேர்த்து நூத்தியொண்ணு இருக்கு. உங்க டீமில் பன்னெண்டு போனாலும் எண்பத்தொன்பது சும்மாக் கிடக்கு. அதில் ஒண்ணு எடுத்துக்கோ."

"எனக்கு அவங்க நம்பர்தான் வேணும். நாலு வருசமா நான் எப்ப பந்தை விட்டாலும் பெரியாளுங்க இதத்தான் சொல்லுதாங்க. பத்து இருந்திருந்தா இத போர்டுல தட்டிப் போட்டிருப்பான்னு. கேட்டுக் கேட்டு நானே அந்த ஷாட்ட செஞ்சு பழகிட்டேன். ஆளத்தான் பாத்ததில்ல."

"போய்க் கேட்டுக்கோ. செம்பூரில் இருக்காள்னு கேள்வி."

"போன் பண்ணிட்டேன். வான்னுட்டாங்க. ஆனா ஸ்கோர் எழுதுத ஸாரையும் கூட்டிட்டு வரணுமாம்."

அடுத்த செவ்வாய்க்கிழமை போனோம். ஞாயிறு முதல் ஆட்டம். சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் பெயரும் நம்பரும் லீக் ஆபீஸுக்கு அனுப்பியாக வேண்டும். பஸ்ஸுக்கு இருபத்தாறு நிமிடம் நின்றோம். பஸ்ஸில் அந்தப் பெண் சட்டைப் பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் இரண்டு முறை கைக்கடிகாரத்தையும் ஒரு முறை மாத்திரை டப்பாவையும் சரிபார்த்தேன்.

பழைய ஹவுஸிங் காலனி அது. கார் நிறுத்தும் இடத்துச் சுவரில் போர்டும் ரிங்கும் அடித்திருந்தார்கள். இரண்டாம் மாடிக்கு முப்பத்தாறு படி. கதவைத் திறந்தவருக்கு ஐம்பத்திரண்டு வயது என்பது எனக்குக் கணக்காகத் தெரியும். ஆனாலும் முகத்தைப் பார்த்ததும் "நீ" என்று வந்துவிட்டது. உடனே "நீங்க" என்று மாற்றினேன்.

"நீன்னே சொல்லுங்க ஸார். எனக்கு அப்படித்தான் பழக்கம்" என்றாள். பிறகு பெண்ணைப் பார்த்து, "கேம்ப் பிள்ளையாட்டி நீ? நாங்களும் முன்ன தாராவிதான்" என்றாள். சர்க்கரை போடாத காப்பி கேட்டேன். போட்டுத்தான் வந்தது.

பெண் சட்டையை இரண்டு கையாலும் நீட்டினாள். அவள் வாங்கிப் பிரித்துப் பார்த்தாள். மடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"அன்னைக்கு எத்தனை விரல் ஸார்?"

"பத்து."

"எத்தனை கை?"

"ரெண்டு."

"ரெண்டு கையும் எனக்கா?"

எனக்குப் புரியவில்லை. அவள் எழுந்து, "ஏட்டி, இங்க வா. நான் ரெஃப்ரி. நீதான் எங்க கேப்டன். என் சட்டையப் பிடிச்சு இழுத்துச் சண்ட போடு" என்றாள். பெண் தயங்கித் தயங்கி அவள் துப்பட்டாவின் நுனியைப் பிடித்தாள். "நல்லா இழுட்டி! எங்க கேப்டன் மாடு மாதிரி இழுத்தா." பெண் இழுத்தாள். அவள் இடது கையை விரித்துப் பெண்ணின் முகத்துக்கு நேரே நில் என்று காட்டினாள். வலது கையை உயர்த்தி ஐந்து விரலை என்னிடம் காட்டினாள்.

"எண்ணுங்க ஸார்."

நாற்காலியில் உட்கார்ந்தபடி எண்ணினேன். பத்து.

"ஃபவுல் பண்ணினது எங்க அஞ்சாம் நம்பர். அவ ஃபவுலுக்கு ஒரு கை. எங்க கேப்டன நிறுத்த ஒரு கை. நீங்க ரெண்டையும் கூட்டி என்னை வெளிய அனுப்பிட்டீய."

பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா திகைப்பா என்று தெரியவில்லை.

"எனக்கு நாலு ஃபவுல்தான்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாங்க. சட்டையத் தாரேன்."

"நீ சொல்றது சரியா இருக்கலாம். ஆனா எனக்குத் தெரியாததை நான் எழுத முடியாதும்மா" என்றேன்.

"அப்ப சட்டை இங்கயே இருக்கட்டும்."

திரும்பும்போது பஸ் ஸ்டாப்பில் பெண் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"நாலுன்னு எழுதிக் குடுத்தா என்ன தாத்தா? அந்த ரெஃப்ரியே இப்ப உயிரோட இல்ல."

"ஷீட் இருக்கே."

"அத யாரு பாக்கா?"

"நான் பார்க்கிறேன்."

"அச்சா. எனக்குப் பதினேழு குடுத்துருவாங்க."

"பதினேழு நல்ல நம்பர்தான்."

"நீங்க போட்டுக்கிடுங்க" என்றாள். பஸ் வந்ததும் எனக்கு இரண்டு வரிசை தள்ளிப் போய் உட்கார்ந்தாள்.

மறுநாள் காலை அந்த ஆட்டத்தின் ஷீட்டை எடுத்தேன். எழுதிய ஆட்டங்கள் எல்லாவற்றின் பிரதியும் என்னிடம் இருக்கிறது. மூன்று முறை பார்த்தேன். பத்துக்கு நேரே ஐந்து ஃபவுல். ஐந்துக்கு நேரே மூன்று. கை எப்படி இருந்தது என்று எந்தத் தாளும் சொல்லாது. என் கண் நல்ல கண். எண்ணிக்கை சரியான எண்ணிக்கை. இதில் எனக்கு அன்றும் சந்தேகம் இல்லை, இன்றும் இல்லை.

ஆனால் ஓரத்தில் வேறொன்று இருந்தது. சந்தேகம் வந்து ரெஃப்ரியைக் கூப்பிட்டுக் கேட்கும்போதெல்லாம் ஒரு சின்ன வட்டம் போடுவது என் பழக்கம். அந்த ஆட்டத்தில் நான்கு வட்டம். ஒரு டைம் அவுட்டுக்காக இரண்டு முறை கேட்டிருக்கிறேன். எதிரணி சட்டை கசங்கி நம்பர் தெரியாமல் ஒரு முறை. கூடை இரண்டு புள்ளியா மூன்று புள்ளியா என்று ஒரு முறை. கேட்பதற்குப் பத்து விநாடி போதும். ஹார்னை அடித்து ஆட்டத்தை நிறுத்தும் அதிகாரம் மேசைக்கு உண்டு. நான்கு முறை கேட்டவன் ஐந்தாவது முறை ஏன் கேட்கவில்லை? பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி என் மேசைக்கு ஓடி வந்து கேளுங்கள் என்று சொன்னதால்தான். வேறு காரணத்தை மூன்று நாள் தேடினேன். கிடைக்கவில்லை.

சனிக்கிழமை தனியாகப் போனேன். நாலு மணி ஐந்து நிமிடத்துக்குக் காலனி வாசலில் இறங்கினேன். கார் நிறுத்தும் இடத்தில் பந்து தட்டும் சத்தம் கேட்டது. அந்தப் பெண் அங்கே இருந்தாள். புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் வந்தாளாம். சட்டையைப் பற்றிப் பேசவே இல்லையாம். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினாள்.

பத்தாம் நம்பர்காரி சுடிதாரைத் தூக்கிச் செருகிக்கொண்டு ரிங்குக்கு இடது பக்கம் நின்றிருந்தாள்.

"ஸார், இந்தக் கூத்தப் பாத்தீயளா? என் ஷாட்டுன்னு இவ ஒண்ணு போடுதா. நான் இப்படி ஜென்மத்துல போட்டதில்ல. நான் ரெண்டு காலும் ஊனிப் போடுவேன். இவ ஒத்தக் கால்ல பின்னால சாஞ்சுக்கிட்டே போர்டுல தட்டுதா."

"மைதானத்துல அப்படித்தான ஆன்ட்டி சொன்னாங்க" என்றாள் பெண்.

"சொன்னவன் எவன்? பாதிப் பேரு ஆட்டத்தயே பாத்திருக்க மாட்டான். ஆனா ஷாட்டு நல்லாத்தான்ட்டி இருக்கு. யாராலயும் தடுக்க முடியாது. இன்னொரு தடவை மெதுவாப் போட்டுக் காட்டு. கால எங்க வைக்க?"

பெண் போட்டுக் காட்டினாள். அவள் பார்த்துவிட்டுத் தானும் போட்டாள். நான் நின்றபோது ஒன்பது முறை முயன்றாள். மூன்று விழுந்தது. ஆறாவது முயற்சியில் சாய்ந்தபோது பின்னால் நின்ற ஸ்கூட்டரில் இடித்துக்கொண்டு உரக்கச் சிரித்தாள். அவளை ஆடச் சொல்லி அந்தப் பெண் கெஞ்சவும் இல்லை, பாவம் பார்க்கவும் இல்லை. "ஆன்ட்டி, முட்டி மடங்கல" என்று தன் அணிப் பெண்ணிடம் சொல்வதைப் போலச் சொன்னாள்.

மணி நாலே முக்கால். ஆறு மணியை நினைத்து எனக்கு வியர்த்தது. சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்து நீட்டினேன். பெண்ணுக்குத் தமிழ் படிக்க வராது. "என்ன எழுதியிருக்கு?" என்று எட்டிப் பார்த்தாள். அதனால் பத்தாம் நம்பர்காரி வாய்விட்டே படித்தாள்.

"அன்று நான் எண்ணியது பத்து விரல். அவை யாருக்குக் காட்டப்பட்டன என்று நான் பார்க்கவில்லை. கேட்கச் சொன்னாய். கேட்க எனக்கு நேரம் இருந்தது, அதிகாரமும் இருந்தது. அதே ஆட்டத்தில் நான்கு முறை கேட்டிருக்கிறேன். நீ சொன்னதால் கேட்கவில்லை. அது தவறு. உன் ஃபவுல் நான்கா ஐந்தா என்று எனக்குத் தெரியாது." கீழே என் கையெழுத்து.

"நாலுன்னு இல்லையே ஸார்."

"இல்லை. தெரியாதுன்னுதான் இருக்கு."

அவள் மறுபடியும் படித்தாள், இந்த முறை மனதுக்குள். பெண் பந்தை இடுப்பில் அணைத்துக்கொண்டு அசையாமல் நின்றாள். மேலே யாரோ பால்கனியில் துணி உதறினார்கள்.

"ஏட்டி, இந்த ஸார் வாயில தெரியாதுன்னு ஒரு வார்த்த வந்து நீ கேட்டிருக்கியா?"

"இல்ல ஆன்ட்டி."

"நானும் கேட்டதில்ல. நீ பொறக்கதுக்கு முன்னாலருந்து அஞ்சு, அஞ்சுன்னு சொன்ன மனுசன்."

கையைத் துடைத்துக்கொண்டு மாடி ஏறிப் போனாள். எனக்குப் பதினொரு நிமிடம் ஆனது போலிருந்தது. கடிகாரத்தில் நாலு நிமிடம்தான். சட்டையை இஸ்திரி போட்டே வைத்திருந்தாள். இரண்டு கையாலும் கொடுத்தாள். பெண் குனிந்து அவள் காலைத் தொடப் போனாள். "அதெல்லாம் வேண்டாம். ஆறு மணிக்குள்ள பேரு குடுக்கணும்லா? ஓடு" என்றாள். என் காகிதத்தை அவள் திருப்பித் தரவில்லை. பிரதி எடுத்து வைக்காமல் வந்தது எனக்கு உறுத்தலாக இருந்தது. கேட்கவில்லை.

ஐந்து மணி ஐம்பத்திரண்டுக்குப் பெயர்களை அனுப்பினோம்.

ஞாயிறு ஆட்டத்தில் அந்தப் பெண் இருபத்துமூன்று புள்ளி எடுத்தாள். அதில் எட்டுப் புள்ளி அந்த ஒற்றைக் கால் ஷாட்டில் வந்தது. இரண்டாம் கால்பகுதியில் பத்தாம் நம்பர்காரி வந்து, மேசையிலிருந்து மிகத் தள்ளி, மேல் வரிசையில் உட்கார்ந்தாள். எனக்கு எழுத்து வேலை இருந்ததால் போய்ப் பேச முடியவில்லை.

பெண்ணின் முதல் ஃபவுலுக்கு ரெஃப்ரி பத்து விரல் காட்டினார். இளைஞர், தெளிவாகத்தான் காட்டினார். நான் ஹார்னை அடித்து நிறுத்தி, "பத்தா?" என்று கேட்டேன். "தஸ், அங்கிள்" என்றார். இரண்டாவதுக்கும் நிறுத்திக் கேட்டேன். மூன்றாவதுக்குக் கேட்டபோது அவர் மேசை வரைக்கும் நடந்து வந்து, "அங்கிள், தஸ் நம்பர். தஸ். அவுர் கித்னீ பார்?" என்று, இன்னும் எத்தனை தடவை சொல்வது என்பதைப் போலக் கேட்டார். கூட்டம் சிரித்தது.

ஆட்டம் முடிந்ததும் பெண் துண்டால் முகத்தைத் துடைத்தபடி வந்தாள்.

"தாத்தா, நான் ஃபவுல் பண்ணினத ஊருக்கே மூணு தடவ தமுக்கடிச்சுட்டீய."

"மூணுதான் பண்ணினே. நாலாவது பண்ணியிருந்தா அதையும் கேட்டிருப்பேன்" என்று சொல்லிவிட்டு, ஷீட்டின் ஓரத்து வட்டங்களை எண்ணிச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டேன்.