கையால் கொய்த கதிர்

என் மாமியார் ஞானப்பூவைப் போல ஒரு பிடிவாதக்காரியை நான் பார்த்ததில்லை. இதை அவர் முகத்துக்கு நேராகவே பல தடவை சொல்லியிருக்கிறேன். "ஆமா, அதுக்கென்ன இப்ப?" என்று கேட்டுவிட்டு முறத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவார். இன்று அவர் இல்லை. அந்தப் பிடிவாதத்துக்கு நான் எவ்வளவு கடன்பட்டிருக்கிறேன் என்று நினைத்தால் நெஞ்சு நிறைகிறது.

எங்கள் ஊர் திருக்கடையூருக்குக் கிழக்கே, கடலுக்குப் போகும் வாய்க்கால் கரையில் இருக்கிறது. நான் கருப்புச் சட்டைக்காரரின் மகள். கிறிஸ்தவரான இராஜாங்கத்தைக் காதலித்துக் கட்டிக்கொண்டு அவர்கள் தெருவுக்கு வந்தேன். கோயிலுக்கு வரமாட்டேன் என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். அத்தை ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. அவர் மட்டும் ஞாயிறு தவறாமல் வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு போவார்.

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை திருவிருந்து. சபையார் எல்லாரும் வரிசையாகப் போய், பீடத்தின் முன் முழங்கால் போட்டு, அப்பமும் திராட்சை ரசமும் வாங்குவார்கள். அத்தை மட்டும் போகமாட்டார். பாட்டெல்லாம் கணீரென்று பாடிவிட்டு, கடைசித் தூணோரம் உட்கார்ந்திருப்பார். இது முப்பது வருஷத்துக்கும் மேலாக நடந்து வந்தது.

ஏன் என்று என் கணவரிடம் கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. அவர் பிறப்பதற்கு முன், ஒரு சம்பா அறுவடையின்போது நடந்தது அது. மாமனார் காய்ச்சலில் கிடந்தார். வீட்டில் அடுப்பு எரியவில்லை. அத்தை அப்போதுதான் நடை பழகிய மகள் லேயாளைத் தூக்கிக்கொண்டு அறுப்புக்குப் போனார். வரப்பில் விட்ட பிள்ளை பசியில் கதறியது. அத்தை நின்ற பயிரில் நாலு கதிரைக் கையால் பறித்து, உள்ளங்கையில் கசக்கி, பதரை ஊதி, பல்லால் உமியை நீக்கிப் பிள்ளையின் வாயில் அரிசியாகப் போட்டார். சாயங்காலம், அறுத்த தாளில் சிந்திக் கிடந்த கதிர்களில் ஒரு பிடி பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டார். பண்ணையின் காரியக்காரர் பார்த்துவிட்டார். களத்தில் எல்லார் முன்னாலும் மடியை அவிழ்க்கச் சொல்லி, திருடி என்றார்.

சங்கதி கோயில் வரைக்கும் போனது. சபை மூப்பர் ஒருவர், "மொதல்ல மன்னிப்புக் கேளு, அப்புறம் திருவிருந்துக்கு வா" என்றார். அத்தை திரும்பி நடந்து தூணோரம் உட்கார்ந்தவர்தான்.

அதற்குப் பிறகு எத்தனையோ போதகர்கள் வந்தார்கள், மாறிப் போனார்கள். ஆளாளுக்கு, "கேட்டுருங்கம்மா, ஆண்டவர் மன்னிப்பார்" என்று நல்ல மனதோடுதான் சொன்னார்கள். எல்லாருக்கும் ஒரே பதில்தான்.

"கேட்டா நான் திருடினேன்னு ஆயிடும். புள்ள பசிக்குக் குடுத்ததத் தப்புன்னு என் வாயால சொல்ல மாட்டேன். தப்பில்லன்னு சொல்லவும் எனக்குத் தெரியல, நெல்லு அவங்க நெல்லு. அதனால நான் பாட்டுக்கு இங்கயே இருந்துக்கறேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "நட்டது நீங்க, களையெடுத்தது நீங்க, அறுத்தது நீங்க. அதுல ஒரு பிடி எடுத்தா திருட்டா? அப்படிப்பட்ட சாமி எதுக்கு அத்தை உங்களுக்கு?" என்று ஒருநாள் கத்தினேன்.

"நீ சொல்றது உங்கப்பா நியாயம். எனக்கு அவரு நியாயம் வேணும்" என்று சுவரைக் காட்டினார். காலண்டரில் பொன்னிறத் தலைமுடியும் நீலக் கண்ணுமாக இயேசு சிரித்துக்கொண்டிருந்தார்.

ஊரில் பாதிப் பேர் திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் கிளம்பிக்கொண்டிருந்த காலம் அது. நாத்தனார் லேயாள் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பயிற்சி முடித்திருந்தாள். ஏஜென்ட் ஒருவர் மூலமாக இஸ்ரேலில் வேலை கிடைத்தது. நடக்க முடியாத ஒரு முதியவரைக் குளிப்பாட்டி, சாப்பாடு கொடுத்து, சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகும் வேலை. அத்தையோ தெரு முழுக்க, "ஆண்டவர் ஊருக்குப் போறா" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அந்த முதியவர் பெயர் யாக்கோவ். நம் ஊரில் யாக்கோபு என்கிற அதே பெயர்தான். யூதர், ஒரு காலத்தில் விவசாயி. வாராவாரம் லேயாள் செல்போனில் கூப்பிட்டு அந்த வீட்டுச் சேதிகளைச் சொல்வாள். அவர்களுக்குச் சாயங்காலத்தில்தான் நாள் பிறக்குமாம். வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் விளக்கேற்றி, ஓய்வு நாளைத் தொடங்கிவிடுவார்களாம். "மாட்டுக்கும் அன்னைக்கு லீவாம்மா" என்றாள். அத்தைக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. பக்தியுள்ள ஆண்கள் உடுப்பின் ஓரத்தில் நூல் குஞ்சம் வைத்துக்கொள்வார்கள், வேதத்தில் வரும் பெரும்பாடுள்ள பெண், உதிரப்போக்கு நிற்க வேண்டிக் கூட்டத்தில் நுழைந்து தொட்டது இயேசுவின் அந்தக் குஞ்சத்தைத்தான் என்று இன்னொரு வாரம் சொன்னாள். "அப்ப ஆண்டவரும் அவங்கள மாதிரிதான் உடுத்தியிருந்தாரா?" என்று அத்தை வாயைப் பிளந்தார். காலண்டர் வெள்ளைக்காரர் இல்லை என்று தெரிந்ததில் எனக்கும் ஒரு திருப்திதான்.

சித்திரையில் ஒருநாள் லேயாளின் குரல் வேறு மாதிரி இருந்தது. அத்தைக்காக ஸ்பீக்கரில் போட்டேன்.

"அம்மா, இன்னைக்குப் பெரியவர வயலோரமாத் தள்ளிக்கிட்டுப் போனேன். பக்கத்துக்காரங்க கோதுமை. கை நீட்டிக் கதிரப் பறிச்சு, கசக்கி, ஊதி, வாயில போட்டுக்கிட்டாரு. எனக்கும் குடுத்தாரு. யாராச்சும் பாத்துடப் போறாங்கன்னு எனக்கு வேர்த்துப்போச்சும்மா."

அத்தையின் கை முறத்தில் அப்படியே நின்றது.

"அவரு சிரிக்கிறாரு. கையால பறிக்கலாம், அரிவாதான் போடக்கூடாது, மோசே குடுத்த சட்டம்ங்கறாரு. நம்ம வேதத்துலயும் இருக்கும்மா. நானே தேடிப் பாத்துட்டேன். ஆண்டவரோட சீஷருங்க பசியில கதிர் பறிச்சுத் தின்னாங்கல்ல? அன்னைக்குக் குத்தம் சொன்னவங்க, ஓய்வு நாள்ல பறிக்கலாமான்னுதான் கேட்டாங்க. அடுத்தவன் கதிர ஏன் தொட்டேன்னு ஒருத்தரும் கேக்கல. அது திருட்டில்லன்னு அங்க எல்லாருக்கும் தெரியும். ஆண்டவரும் பசிச்சவங்க பக்கந்தான் பேசுனாரு."

இவ்வளவு கேட்டும் அத்தை இளகவில்லை. கோர்ட்டில் வக்கீல் கேட்பது போல ஆரம்பித்தார்.

"அது வழில போறவங்களுக்கா, கூலிக்கு வந்தவளுக்கா?"

"அதையும் கேட்டேன். அவங்க பெரியவங்க இதப் பத்தி நிறைய வாதம் பண்ணியிருக்காங்களாம். அந்த வயல்ல வேலை செய்யிறவங்களுக்குத்தான் இந்த உரிமைன்னு சொல்லியிருக்காங்களாம்."

"நான் கூலிக்குத்தான் போயிருந்தேன்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். பிறகு போனிடம், "சரி, மடியில கட்டுனது?"

"நின்ன பயிராம்மா, கீழ கெடந்ததா?"

"கீழ, தாள்ல கெடந்தது."

"சிந்துன கதிரு ஏழைக்கு. திரும்பப் போயி அதப் பொறுக்கக்கூடாதுன்னு வயக்காரங்களுக்கே சட்டம் இருக்கு. வயலோரத்தக்கூட ஒட்ட அறுக்கக்கூடாதாம்." லேயாள் அழ ஆரம்பித்துவிட்டாள். "அந்த அரிசியத் தின்ன வாயிம்மா இது. நீ திருடலம்மா."

அத்தைக்குப் படிக்கத் தெரியாது. வேதப் புத்தகத்தைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். கருப்புச் சட்டைக்காரர் மகள் நான், லேயாள் சொன்ன இடங்களைத் தேடி எடுத்துச் சத்தமாகப் படித்தேன். அவள் சொன்னது அப்படியே இருந்தது. "இன்னொருக்கா படி" என்றார். படித்தேன். மறுபடியும் படிக்கச் சொன்னார்.

"இத்தன வருஷமா இந்த வீட்டுலயேதான் இருந்திருக்கு" என்றார் மெதுவாக.

எனக்குத்தான் ஆத்திரம். இத்தனை போதகர்களில் ஒருவருக்குமா இது கண்ணில் படவில்லை என்று பொரிந்தேன். "விடு. இப்பவாச்சும் வந்து சேந்துச்சுல்ல" என்று புத்தகத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

மறுநாள் போதகரைப் பார்க்கப் போனோம். சின்ன வயசுக்காரர், புதிதாக வந்தவர். முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்ததும், "இந்தச் சபைதாம்மா உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணும்" என்றார். அத்தை அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவருக்கு வேறு கவலை. "அந்தப் பெரியவருக்காக ஆராதனையில ஜெபம் பண்ணணுங்கய்யா" என்றார்.

போதகர் தயங்கினார். "பண்ணலாம்மா. ஆனா அவங்க இயேசுவ ஏத்துக்காதவங்க..."

"ஆண்டவரே அவங்க வீட்டுப் புள்ளைங்கய்யா. அவங்க வீட்டு வழக்கம் அவங்களுக்குத்தானே தெரியும்? அவங்க சொல்லித்தானே எனக்குத் தெரிஞ்சுது?"

போதகர் சிரித்துவிட்டார். முதல் ஞாயிறன்று யாக்கோவின் பெயரைச் சொல்லி நன்றி செலுத்தினார். யார் அது என்று சபை திரும்பித் திரும்பிப் பார்த்தது.

அன்றைக்கு நானும் உள்ளே போயிருந்தேன். சாமிக்காக இல்லை, அத்தைக்காக. வரிசை எழுந்தது. அத்தை தூணைப் பிடித்து எழுந்து, யார் முகத்தையும் பாராமல் நேராக நடந்தார். முழங்கால் போட்டு இரண்டு கையையும் நீட்டினார். போதகர் உள்ளங்கையில் அப்பத்தை வைத்தார். அத்தை அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கைக்குள் லேசாக ஒருமுறை ஊதினார். பிறகுதான் வாயில் போட்டார். நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். எனக்குத் தெரிந்த சந்தோஷங்களில் அதற்கு ஈடாக ஒன்று இல்லை.

வீட்டுக்கு வரும் வழியில் சீண்டினேன். "அப்பத்துல ஏது அத்தை உமி? ஊதுனீங்களே?"

"ஊதுனேனா?" என்றார். "அன்னைக்கு அவளுக்கு ஊதித்தானே குடுத்தேன்" என்றார்.