முப்பது என்று காட்டிய பட்டை

அவளிடம் என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டவர்கள் யாரும் இரண்டாவது கேள்வி கேட்டதில்லை. கம்ப்யூட்டரில் சத்தத்தைக் கூட்டினாலோ குறைத்தாலோ திரையில் ஒரு பட்டை வந்து போகிறதல்லவா, அந்தப் பட்டையைச் செய்கிறாள். திரையின் வெளிச்சத்தை ஏற்றி இறக்க இன்னொரு பட்டை. இரண்டு பட்டைகள், அவ்வளவுதான் தொழில். "அதுக்குத்தான் கீபோர்டுலயே பட்டன் இருக்கே" என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். பெற்ற தாய் சொன்னாள். கட்டிய கணவன் கல்யாணத்துக்கு முன்பு சொன்னான், பின்பு சொல்வதை நிறுத்திக்கொண்டான். நாத்தனார் இன்றைக்கும் சொல்கிறாள். அதோடு விடாமல் பட்டைக்காரி என்று பேர் வேறு வைத்துவிட்டாள், அது ஒட்டிக்கொண்டது. நாமும் அப்படியே கூப்பிடுவோம். அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள், கோபித்துக்கொண்டாலும் வெளியே காட்ட மாட்டாள்.

முன்பு அவள் படங்களுக்கு சப்டைட்டில் அடிக்கும் ஆபீஸில் இருந்தாள். வசனம் சரியாக விழவில்லையே என்று சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினால் போதும், திரையில் சாம்பல் நிறத்தில் ஒரு பெரிய சதுரம் வந்து, அடித்துக்கொண்டிருந்த வரியின் மேலேயே சாவகாசமாக உட்காரும். போ என்றாலும் போகாது. ஆபீஸில் இருந்த எல்லோரும் அதைத் திட்டிக்கொண்டே வேலை பார்த்தார்கள். இவளால் மட்டும் அதைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. புரோகிராம் எழுதத் தெரியாதவள், ஒற்றைக் காலில் நின்று கற்றுக்கொண்டு, அந்தச் சதுரத்தை ஒல்லியான பட்டையாக்கித் திரையின் ஓரத்துக்குத் துரத்தினாள். துரத்தியதை இணையத்தில் சும்மா போட்டு வைத்தாள். எந்தெந்த ஊரிலிருந்தோ ஆட்கள் நன்றி எழுதினார்கள். மறுநாள் அதே ஆட்கள் குறை எழுதினார்கள். பட்டை அரை வினாடி முன்னதாகவே மறைய வேண்டும் என்றார் ஒருவர். பச்சை போதுமான அளவு பச்சையாக இல்லை என்றார் இன்னொருவர். தன் மனைவி தூங்கும் அறையிலேயே வேலை செய்யும் ஒருவர், வெளிச்சத்தை அடிமட்டத்துக்குக் குறைத்தாலும் அவள் முகத்தில் அடிக்கிறது, அடிமட்டத்துக்கும் கீழே போக வழி உண்டா என்று கேட்டிருந்தார். அதிலிருந்துதான் இரண்டாவது பட்டை பிறந்தது. ஆபீஸை விட்டுவிட்டுப் படுக்கையறை மூலையில் ஒரு மேஜை போட்டுக்கொண்டாள்.

அந்தக் குடும்பத்தில் அவளிடம் இரண்டாவது கேள்வி கேட்டவர் ஒரே ஒருவர்தான், அவளுடைய மாமனார். எடையளவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கடை கடையாகப் போய்த் தராசையும் படிக்கல்லையும் சோதித்து, சரியாக இருந்தால் முத்திரை குத்துவதும், தப்பாக இருந்தால் தூக்கிக்கொண்டு போவதும் அவர் உத்தியோகம். ரிப்போர்ட்டில் கடைக்காரர் பேரை முதல் வரியில், கொட்டை எழுத்தில் எழுதுவார். சொந்த மச்சானின் கடைத் தராசு ஒரு முறை அகப்பட்டது. மச்சான் பேரையும் அப்படியேதான் எழுதினார். மச்சான் வீட்டோடு பேச்சுவார்த்தை நின்றுபோனது. சும்மா சொல்லக் கூடாது, அவருக்கு அதில் ஒரு வருத்தமும் இருந்ததாகத் தெரியவில்லை.

ஒரு நாள் அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். வெளிச்சப் பட்டை ஐம்பதில் இருந்தது.

"ஐம்பதுன்னு காட்டுதே, நூறுல பாதி வெளிச்சமா இது?"

அவள் திரும்பிப் பார்த்தாள். சோதித்ததில்லை என்று ஒப்புக்கொண்டாள்.

"அப்போ எதை வெச்சும்மா ஐம்பதுன்னு எழுதின?"

அன்றைக்குப் பிடித்தது அவளை. ஒரு போட்டோகிராபரிடம் வெளிச்சம் அளக்கும் மீட்டரை இரவல் வாங்கி, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்து, ஐம்பது என்றால் பாதிதான் என்று ஆகும்வரை அதை விடவில்லை. முடிந்ததும் மாமனாரைக் கூப்பிட்டாள். அவர் திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டுப் பார்த்தார், மீட்டரைப் பார்த்தார், மறுபடி பார்த்தார். இதுக்கு முத்திரை குத்தலாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். சந்தோஷத்தில் அவளுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. தான் செய்வதும் ஒரு வேலைதான் என்று ஒரு மனுஷனுக்காவது தெரிந்திருக்கிறதே என்று தோன்றியது. அதன் பிறகு எந்தப் பட்டையை மாற்றினாலும் அவர் வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்றால்தான் அவளுக்கு வேலை முடிந்த மாதிரி இருக்கும்.

மாமனார் ஹாலில் இருந்த பழைய கம்ப்யூட்டரில் செய்தி பார்ப்பார். அதில் இருந்ததும் மருமகளின் பட்டைதான். சத்தம் முப்பதில் இருக்கும். முப்பது போதும், அதற்கு மேல் வைப்பவன் அடுத்தவனுக்குத் தொல்லை கொடுப்பவன் என்று என்றைக்கோ சொல்லிவிட்டார். சொன்ன சொல்லை மாற்றுகிற ஆள் இல்லை. ஆனால் காது அவரைக் கேட்டுக்கொண்டா நடக்கும்? ஒன்று கேட்டால் வேறொன்றுக்குப் பதில் வந்தது. இப்போதெல்லாம் எவனும் வாயைத் திறந்து பேசுவதில்லை, எல்லாரும் மென்று விழுங்குகிறார்கள் என்று குறைப்பட்டுக்கொண்டார். மகன், காதை ஒரு தடவை டாக்டரிடம் காட்டலாமே என்று பேச்செடுத்தான். முப்பதுல கேக்கற காதுக்கு டாக்டர் எதுக்கு என்று கேட்டுவிட்டு, ஒரு வாரம் மகனோடு பேசவில்லை.

ஆனால் முப்பதில் கேட்கவில்லை. அது அவளுக்குத் தெரிந்தது. செய்தி வாசிப்பவரின் வாயையே பார்த்துக்கொண்டு, முழங்காலில் கையை ஊன்றி, திரைக்குள் விழுந்துவிடுவது போல முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். கொஞ்ச நேரத்தில் அணைத்துவிடுவார். பிறகு பார்ப்பதையே விட்டுவிட்டார். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அவளுக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை.

பட்டை அவள் செய்தது. அவள் என்ன சொல்கிறாளோ அதைத்தான் அது காட்டும். அவர் குளிக்கப் போன நேரத்தில் அதில் ஒரே ஒரு வரியை மாற்றினாள். முப்பது என்று காட்டும், உள்ளே நாற்பது ஓடும். அன்று மாமனார் செய்தியை முழுசாகப் பார்த்தார். புதிதாக வந்திருக்கிற பையன் பரவாயில்லை, வாயைத் திறந்து பேசுகிறான் என்று பாராட்டினார். அது புதுப் பையன் இல்லை, பழையவன்தான்.

பிறகென்ன? காது இறங்க இறங்க இவள் ஏற்றினாள். பட்டை முப்பதிலேயே நின்றது. கணவன் சாப்பிடும்போது காதில் பஞ்சு வைத்துக்கொண்டான். கீழ்வீட்டில் ஒரு டியூஷன் மாஸ்டர் இருந்தார். அவர் டிக்டேஷன் சொல்லச் சொல்ல, ஒரு பிள்ளை நாளைய வானிலையையும் சேர்த்து எழுதிவிட்டது. மாஸ்டர் நோட்டோடு மாடி ஏறி வந்தார்.

மாமனார் பதறவில்லை. "முப்பதுலதான் சார் இருக்கு. நீங்களே வந்து பாருங்க" என்று ஒரு பொத்தானை அழுத்திப் பட்டையை வரவழைத்துக் காட்டினார். மாஸ்டர் குனிந்து பார்த்தார். முப்பதுதான். தன் காதுக்குத்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தாரோ என்னவோ, மன்னிப்புக் கேட்டுவிட்டு இறங்கிப் போனார். சமையலறை வாசலில் நின்ற பட்டைக்காரிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஊர் முழுக்கத் தப்புத் தராசைப் பிடித்த மனிதர், ஒரு தப்புத் தராசைச் சாட்சிக்கு வைத்து ஒரு நல்ல மனுஷனைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். தராசுக்குச் சொந்தக்காரி கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள்.

கடைசியில் முப்பது என்று காட்டும்போதே நூறு ஓடியது. அதற்கு மேல் கொடுக்க இடம் இல்லை. அவர் மறுபடியும் திரையை நோக்கிச் சாய்ந்து உட்கார ஆரம்பித்தார்.

ஒரு நாள் பகலில் கடைக்குப் போய்விட்டுத் திரும்பியவள் கதவருகிலேயே நின்றுவிட்டாள். மாமனார் செய்தியை ஓடவிட்டுத் தனியாக உட்கார்ந்திருந்தார். பொத்தானை அழுத்தினார். பட்டை முப்பத்தொன்று ஆனது. வாழ்நாளில் அவர் தாண்டாத கோடு அது. மறுபடி அழுத்தினார். நாற்பது, அறுபது, நூறு. அங்கே கொஞ்ச நேரம் வைத்துக் கேட்டார். திரும்ப முப்பதுக்கு இறக்கினார், மறுபடி நூறுக்கு ஏற்றினார். படிக்கல்லைத் தட்டில் வைத்தும் எடுத்தும் பார்க்கிற அதே நிதானம். சத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லை. இருக்காது, இல்லையா? கம்ப்யூட்டரை அணைத்தார். அதன் மேல் இருந்த தூசியைக் கையால் துடைத்தார்.

ராத்திரி சாப்பாட்டின்போது மகனிடம்தான் சொன்னார்.

"நாளைக்குக் காது டாக்டர்கிட்ட போகணும்ப்பா. முப்பதுல இருந்து நூறு வரைக்கும் வெச்சுப் பாத்துட்டேன். ஒரு வித்தியாசமும் தெரியல. காது முழுசாப் போயிடுச்சு."

ரிப்போர்ட் வாசிப்பது போலவே சொன்னார். சோற்றைப் பிசைந்துகொண்டே, "கையால ஜாடை காட்டிப் பேசறதுக்குக் கிளாஸ் இருக்காமே. இந்த வயசுல எனக்கு வருமான்னு தெரியல" என்றார்.

பட்டைக்காரி சும்மா இருந்திருக்கலாம். நாளைக்கு டாக்டர் பார்த்துக்கொள்வார், காதுக்கு மிஷின் கொடுப்பார், இவள் அந்த ஒரு வரியைச் சத்தமில்லாமல் அழித்துவிடலாம், ஈ காக்காய்க்குத் தெரியாது. இதெல்லாம் அவள் மனதில் ஓடாமல் இல்லை. சொன்னால் அவர் இனி தன் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்கவே மாட்டார் என்பதும் தெரியும். ஆனால் இன்று ஒரு ராத்திரி அந்த மனிதர் தன்னைச் செவிடு என்று நம்பிக்கொண்டு படுப்பாரே, அதை என்ன செய்வது?

"மாமா, அந்தப் பட்டை பொய்" என்றாள்.

"என்ன?"

சத்தத்தைக் கூட்டிச் சொன்னாள். அவருக்கு அதுவும் விழவில்லை. ரகசியமாகச் செய்த தப்பை ரகசியமாகச் சொல்லக்கூட அவளுக்குக் கொடுத்து வைக்கவில்லை. எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து கத்தினாள்.

"அந்தப் பட்டை பொய் மாமா. நான்தான் மாத்தி வெச்சேன். முப்பதுன்னு காட்டும்போதே நூறு ஓடுது. அதுக்கு மேல ஏறாது. உங்க காது முழுசாப் போகல."

கணவன் காதிலிருந்த பஞ்சை எடுத்தான். மாமனார் அவளையே பார்த்தார்.

"கூட்டியா, குறைச்சா?"

"கூட்டித்தான் மாமா."

"கூட்டிக் கொடுத்த தராசு ஒண்ணுகூட என் சர்வீஸ்ல பிடிச்சதில்ல" என்றார். பிறகு, "இருந்தாலும் தப்புத் தராசு தப்புத் தராசுதான்" என்று சொல்லிவிட்டு எழுந்து கை கழுவினார். அவள் பக்கம் திரும்பவில்லை.

டாக்டர், காது பாதி போயிருக்கிறது, மிச்சத்துக்கு மிஷின் இருக்கிறது என்றார். மிஷின் வந்து சேரும் வரைக்கும் மாமனார் மருமகளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் அந்த வரியை அழித்துப் பட்டையை உள்ளபடி காட்ட வைத்தாள். அழித்ததை வந்து பார்க்க ஆள் இல்லை. கப்பல் கவிழ்ந்த மாதிரி மேஜையில் உட்கார்ந்திருந்தாள். யாரோ ஒருவர் நீலம் போதுமான அளவு நீலமாக இல்லை என்று எழுதியிருந்தார். அவருக்குப் பதில் போடவில்லை.

மிஷின் மாட்டிக்கொண்டு வந்த அன்று, மாமனார் அவள் அறை வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"கீபோர்டை இவ்வளவு சத்தமாவா அடிப்ப?"

அவள் எழுந்து நின்றாள்.

"பட்டையைச் சரி பண்ணிட்டியா?"

"பண்ணிட்டேன் மாமா."

வந்து சோதிப்பார் என்று நாற்காலியை நகர்த்தினாள். அவர் சோதிக்கவில்லை. "வா, கீழ்வீட்டுக்குப் போகணும்" என்று முன்னால் நடந்தார். அவள் பின்னால் இறங்கினாள். முதல் வரி, கொட்டை எழுத்து. மச்சானையே விடாதவர், மருமகளை விடுவாரா?

மாஸ்டர் கதவைத் திறந்தார். உள்ளே பிள்ளைகள் நோட்டிலிருந்து தலையைத் தூக்கின. மாமனார் வாசற்படியிலேயே நின்று சொன்னார்.

"சார், அன்னைக்கு முப்பதுன்னு உங்ககிட்ட காட்டினேன். அது முப்பது இல்ல, அளவு தப்பு. சோதிக்காம சாட்சி சொன்னது என் குத்தம், மன்னிக்கணும். காதுக்கு மிஷின் போட்டாச்சு. இப்போ எனக்கு எல்லாம் நல்லாக் கேக்குது. இனிமே தொல்லை இருக்காது."

மாஸ்டர் உருகிப்போய்விட்டார். அதெல்லாம் ஒன்றுமில்லை என்றார். பிறகு, படித்த மனிதர் அல்லவா, காரணம் தெரிய வேண்டும் அவருக்கு. "எப்படி சார் தப்பாக் காட்டுச்சு? யாரு அப்படிப் பண்ணினது?"

பட்டைக்காரி ஒரு அடி முன்னால் வந்தாள்.

மாமனார் காதுக்குப் பின்னால் கையைக் குவித்தார். "என்ன?"

"யாரு பண்ணினதுன்னு கேட்டேன் சார்."

"சரியாக் கேக்கல சார். மிஷின் புதுசு" என்று சொல்லிவிட்டு மாடிப்படிப் பக்கம் திரும்பினார்.

இருவரும் ஏறினார்கள். அவர் முன்னால், அவள் பின்னால். பாதிப் படியில் அவளுக்குக் கண் கரித்தது. தனக்கே கேட்காத குரலில், "மன்னிச்சிடுங்க மாமா" என்றாள்.

"ம்" என்றார் அவர், திரும்பாமல்.