கூரை மேல் கிடந்த பல்

ஜேடர்பாளையத்தில் அத்தாயி வீட்டுக் கூரையைப் பிரிக்க மட்டும் கூலிக்கு ஆள் வராது. கூரை வேய்ந்த சோகையை, அந்தக் காய்ந்த கரும்பு இலையை, ஒவ்வொரு பிடியாக உதறிப் பார்த்துத்தான் கீழே விட வேண்டும் என்பாள். கிறுக்கு என்று ஊர் சொல்லும். சொல்லட்டும், ஊருக்கென்ன.

கரும்புக் காட்டில் களை வெட்டும் பெண்களில் அத்தாயியின் வாய்க்கு எதிர் நிற்க ஆள் கிடையாது. அப்படிப்பட்டவள் தன் ஒரே மகள் பாப்பாயியிடம் தினம் காலையில் தோற்றுப்போவாள். பல் விளக்கக் கூப்பிட்டால் அந்தக் குட்டிக் கழுதை வேலிக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொள்ளும். வேம்பு கசக்கிறதாம், கரித்தூள் கரகரக்கிறதாம். அத்தாயி வேப்பங்குச்சியைத் தானே மென்று, கசப்பைத் துப்பி, நுனியைப் பஞ்சாக்கி, பிள்ளையை மடியில் கிடத்தி விளக்கிவிடுவாள்.

மேட்டூர் அணை கட்டி முடித்த வருஷம் பாப்பாயிக்கு முன்பல் விழுந்தது. அத்தாயி அதைச் சாணி உருண்டைக்குள் பொதிந்து கொடுத்தாள். பிள்ளை கூரை மேல் வீசியது. உருண்டை கரும்புச் சோகை இடுக்கில் தங்கிக்கொண்டதும் குதித்தது. கூரையில் தங்கினால்தானே புதுப்பல் முளைக்கும். அதற்கப்புறம் வேம்பு கசக்கவே இல்லை. தானாக மடிக்கு வந்து வாயைத் திறக்கும்.

“மொளச்சிருச்சாம்மா? தொட்டுப் பாரு.”

“இன்னும் இல்ல சாமி.”

ஒருநாள் காலை, ஈறு அரிக்கிறது என்று ஓடிவந்தது. காட்டு வேலைக்குப் போகிறவர்கள் வாசலில் நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். “பொழுதோட வந்து பாக்கறேன் கண்ணு” என்று அத்தாயி களைக்கொத்தை எடுத்துக்கொண்டு ஓடினாள். சாயங்காலம் அவள் வந்தபோது பிள்ளை வாந்தியும் பேதியுமாகக் கிடந்தது. ஊரில் அந்த நோய் நடமாடிக்கொண்டிருந்த சமயம். மறுநாள் மத்தியானம் எல்லாம் முடிந்துவிட்டது.

பெண்கள் தண்ணீர் வார்க்க வந்தார்கள். “பல்லு வெளக்காம என் சாமிய அனுப்ப மாட்டேன்” என்று அத்தாயி வேப்பங்குச்சியை மென்றாள். மகளை மடியில் கிடத்தி, விரலால் வாயைத் திறந்தாள். ஈறில் ஏதோ நறுக்கென்று பட்டது.

“பல்லு வந்திருச்சு! பாப்பா, பல்லு வந்திருச்சு சாமி!”

கேட்க வேண்டியவளுக்குக் கேட்கவில்லை. ஒரு நாள் முன்னால் தொட்டுப் பார்த்திருக்கக் கூடாதா, பாவி? தன்னைத்தானே அவள் அப்படித்தான் திட்டிக்கொண்டாள், நெடுநாள்.

மறு வருஷம் கூரை ஒழுகியது. புருஷன் சென்றாயன் பிரிக்க ஏணி சாத்தினான். அவள் ஏணியைக் கட்டிக்கொண்டாள். “மேல புள்ளையோட பல்லு கெடக்குதுங்க.” அவன் ஏணியை எடுத்துவிட்டான். அந்த மழைக்காலம் முழுக்க வீட்டுக்குள் சட்டி வைத்துத் தண்ணீர் பிடித்தார்கள். அதற்கடுத்த வருஷம் மண்சுவர் ஊறிச் சரிய ஆரம்பித்தது.

“செவுரு உழுந்துட்டா ஏது ஊடு, ஏது கூரை? நான் பாத்துப் பிரிக்கறேன் புள்ளே” என்றான் சென்றாயன்.

சொன்னபடியே செய்தான். பிடி பிடியாக எடுத்து அவள் கையில் கொடுத்தான். அவள் ஒவ்வொன்றையும் முறத்தில் உதறினாள். பொழுது சாயும் நேரத்தில் அரிசி போல ஒன்று முறத்தில் விழுந்தது, காய்ந்த சாணி ஒட்டிக்கொண்டு. மகள் செத்த அன்று கண் கலங்காத சென்றாயன் ஏணியடியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான்.

புதுச்சோகை வேய்ந்து முடிந்தது. பல்லை அவள் பெட்டியில் வைத்துக்கொள்வாள் என்று அவன் நினைத்திருந்தான். அவளோ சாணி எடுத்து உருட்டி, அதற்குள் பல்லைப் பொதிந்து, கூரை மேல் வீசினாள்.

“இனி எதுக்குப் புள்ளே?”

“நுனிதானுங்களே வந்திருந்துச்சு” என்றாள் அத்தாயி. “மிச்சமும் மொளைக்கோணுமல்லங்க.”